"ஓசி பஸ்ஸு, கோட்டா வேலை எல்லாம் உங்களுக்கு, எனக்கு என்ன சலுகை இருக்கு"ன்னு அண்ணன் கேக்குது, என்ன பதில் சொல்றது?

அருப்புக்கோட்டை மல்லி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், எழுதுறது இதான் முதல் தடவை, நீளமா போனா கோச்சுக்காதீங்க.

வீட்ல நாங்க மூணு பேரு. அண்ணனுக்கு 29, ஐடிஐ முடிச்சிட்டு வெல்டிங் பட்டறையில வேலை. நான் ஜவுளிக்கடையில பில் போடுறேன். தங்கச்சிக்கு 24, பிறந்ததுலேர்ந்தே இடது கால் வளர்ச்சி கம்மி, காலிப்பர் (காலுக்கு முட்டுக் குடுக்கற கம்பிப் பட்டை) மாட்டி கையில ஒரு ஸ்டிக் வச்சு நடப்பா, சர்டிபிகேட்ல 60 சதவீதம்னு போட்டிருக்காங்க. அவ 2024 குரூப் 4 எழுதி மாற்றுத்திறனாளி கோட்டாவுல பாஸாகி இப்ப ஒரு கவர்மெண்ட் ஆபீஸ்ல ஜூனியர் அசிஸ்டென்ட். அண்ணன் அதே பரீட்சைய மூணு தடவை எழுதுச்சு, ரெண்டு தடவை கொஞ்சம் மார்க்குல போச்சு. அதுலேர்ந்தே வீட்ல புகைஞ்சிட்டே இருந்துச்சு, போன ஞாயித்துக்கிழமை கறி வச்சு எல்லாரும் சாப்பிட உக்காந்தப்ப வெடிச்சிருச்சு.

"உனக்கு பஸ் ஓசி, அவளுக்கு பஸ்ஸும் ஓசி வேலையும் கோட்டா, இந்த வீட்ல காசு குடுத்து டிக்கெட் எடுக்குற ஒரே ஆளு நான்தான், எனக்குன்னு இந்த நாட்ல என்ன சலுகை இருக்கு சொல்லு"ன்னு கேட்டுச்சு. நானும் கோவத்துல, கடையில கூட வேலை பாக்குற காலேஜ் பிள்ளை ஒருத்தி அடிக்கடி சொல்ற வார்த்தைய எடுத்து "நீ ஆம்பளையா பிறந்ததே பெரிய பிரிவிலேஜ்தான்"னு, அதாவது பிறப்போடயே வந்த சலுகைன்னு, சொல்லிட்டேன். அண்ணன் ஒண்ணும் பேசாம தட்டுக்கு மேல ரெண்டு கையையும் நீட்டிக் காமிச்சுச்சு. மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும் புள்ளி புள்ளியா தீப்பொறி பட்ட தழும்பு. "இதுவா உன் பிரிவிலேஜு"ன்னுச்சு. அப்பா இறந்தப்ப அதுக்கு 19 வயசு, அன்னைலேர்ந்து எங்க ரெண்டு பேரு ஃபீஸும் அந்தக் கையிலதான் வந்துச்சு. எனக்குப் பேச்சே வரல, எந்திரிச்சு கை கழுவப் போயிட்டேன்.

ஆனா அந்த பஸ் விஷயம் மட்டும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. 2021ல பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ல டிக்கெட் இல்லன்னு ஆச்சுல்ல, நாங்க ஏறுற ஸ்டாப்புல காலையில நிக்கிறது பூராம் மில்லுக்கும் கடைக்கும் போற பொம்பளைங்கதான். பொம்பளைங்க மட்டும் நிக்கிறதைப் பாத்தா சில டிரைவருங்க ஸ்டாப்புல நிப்பாட்டாம ஒரு அம்பது அடி தள்ளிக் கொண்டு போயி ஸ்லோ பண்ணுவாங்க, ஓடிப்போயி ஏறிக்கணும். நாங்க சேலைய தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடிருவோம், தங்கச்சியால ஓட முடியாது. அவ ஸ்டிக்க ஊணி நாலு எட்டு வைக்கிறதுக்குள்ள பஸ் கிளம்பிரும். மாற்றுத்திறனாளிங்கற பாஸும் அவ கையில இருக்கு, பொம்பளைங்கற ஓசியும் இருக்கு, ரெண்டு இருந்தும் மாசத்துல பத்து நாள் கூட அவ பஸ்ல போனது கிடையாது. மிச்ச நாள் ஷேர் ஆட்டோ, போக வர 80 ரூவா.

இதை அண்ணனுக்குப் புரியுற மாதிரி எப்படி சொல்றது? அது கெட்ட ஆளு கிடையாது. இல்ல அது கேக்குறதுலயும் நியாயம் இருக்கா? பெரியவங்க சொல்லுங்க.

வேளச்சேரி சக்கரம் பதில்:

வணக்கம்மா. 2012ல பைக் ஆக்சிடென்ட்ல எனக்கு முதுகுத்தண்டுல அடி, இடுப்புக்குக் கீழ உணர்வு இல்ல, அன்னைலேர்ந்து வீல்சேர்தான். 28 வயசு வரைக்கும் நான் உங்க அண்ணன் இடத்துல இருந்தவன், அதனால ரெண்டு பக்கமும் பாத்தவன்னு வச்சுக்கங்க.

நடந்துட்டு இருந்தப்ப எனக்கு எந்த சலுகையும் இருக்கறதா தோணினதே இல்ல. எங்க தெரு ஏடிஎம் வாசல்ல மூணு படி இருக்குன்னு எனக்கு அந்த ஆக்சிடென்ட் வரைக்கும் தெரியாது, ஆயிரம் தடவை ஏறியிருப்பேன். யோசிச்சுப் பாருங்க, படிக்கட்டுங்கறது நடக்கறவங்களுக்காக காசு செலவு பண்ணி கட்டிக் குடுத்த ஏற்பாடு, ஆனா அதுக்கு யாரும் சலுகைன்னு பேர் வைக்கல. பக்கத்துல ஒரு சாய்தளம் போட்டா மட்டும் அது சலுகை, "அவங்களுக்காக" போட்டது. பஸ்ஸும் அப்படித்தான். உங்க அண்ணன் காசு குடுத்து டிக்கெட் எடுக்குறாரு, ஒத்துக்கறேன், ஆனா அந்த பஸ்ஸோட முதல் படி உயரம், மேல புடிச்சுக்கற கம்பி, ஓடுற வண்டியில ஏறி இறங்கறது, எல்லாமே அவர் உடம்ப அளவெடுத்து தச்ச சட்டை மாதிரி அவருக்குப் பொருந்துது. என் உடம்புக்குப் பொருந்துற தாழ்தள பஸ், அதாவது தரை 400 மில்லிமீட்டர் உயரத்துல இருக்கறது, சென்னையில புதுசா ஓட விட்டது 2024ல. அதுக்கே எங்க ஆளுங்க ஹைகோர்ட் வரைக்கும் போயி வருஷக்கணக்குல கேஸ் நடத்தினாங்க. பொதுப் போக்குவரத்து எங்களுக்கும் பொருந்தணும்ங்கறது மாற்றுத்திறனாளிங்களுக்கான 1995 சட்டத்துலயே பேசினது, 2016 சட்டத்துல இன்னும் தெளிவா எழுதினது.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் வேற. ஆக்சிடென்ட்டுக்கு அப்பறம் ஆறு மாசம் ஒரு ரீஹேப் சென்டர்ல இருந்தேன். ஆம்பளைங்க வார்டுல ஒவ்வொரு கட்டில் பக்கத்துலயும் ஒரு பொம்பளை தரையில பாய் விரிச்சு படுத்திருப்பாங்க, பொண்டாட்டி இல்லன்னா அம்மா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எந்திரிச்சு எங்கள புரட்டிப் போடணும், இல்லன்னா பெட் சோர், அதாவது படுக்கைப் புண், வந்துரும். என் மனைவி அந்த ஆறு மாசமும் ராத்திரி முழுசா தூங்கினதே இல்ல. பொம்பளைங்க வார்டுல பாத்தா அங்கயும் தரையில படுத்திருந்தது பொம்பளைங்கதான், அம்மா, அக்கா, சித்தி. புருஷன்னு ஒருத்தர் வந்து தங்கினதை நான் பாக்கல. எனக்கு இருந்த அதே இடத்துல அதே அடி பட்ட ஒரு பொண்ணு இருந்தாங்க, பிசியோ ஹால்ல பக்கத்து பக்கத்துல பயிற்சி எடுப்போம், கை பலம் என்னை விட அவங்களுக்கு ஜாஸ்தி. அவங்க வீட்டுக்காரர் மொத்தம் மூணு தடவை வந்தாரு, மூணாவது தடவை வந்தப்ப கையில டைவர்ஸ் பேப்பர். இன்னைக்கு நான் ஐடி கம்பெனியில டீம் லீட், ஆபீஸ் கேப் வீட்டு வாசல்ல வந்து ஏத்திக்கும், அப்பா கட்டின வீடு கீழ்த்தளம், எனக்கு இங்கிலீஷ் வரும். அவங்க அம்மா வீட்டுல ஒரு ரூம்ல இருந்து ஜாக்கெட் தைக்கறாங்க. எங்க ரெண்டு பேரு டாக்டர் ரிப்போர்ட்டும் ஒண்ணுதான்.

அதனால "மாற்றுத்திறனாளி"ன்னு ஒரே வார்த்தையில எங்கள அடைச்சிட்டா இந்த வித்தியாசம் எதுவும் வெளிய தெரியாது. உங்க தங்கச்சி விஷயத்துலயும் கால மட்டும் பாக்காதீங்க.

மதுரை வக்கீலம்மா பதில்:

மல்லி, உன் பஸ் ஸ்டாப் கதைய படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். இதுக்கு சட்டத்துல ஒரு பேரு இருக்கு, இன்டர்செக்ஷனாலிட்டி, அதாவது ரெண்டு மூணு பாகுபாடு ஒரே ஆள் மேல பின்னிக்கிட்டு சேந்து விழறது. கிம்பர்லே க்ரென்ஷான்னு ஒரு கறுப்பினப் பேராசிரியை 1989ல எழுதின கட்டுரையில இந்த வார்த்தைய சட்டத்துக்குள்ள கொண்டு வந்தாங்க. அவங்க எடுத்துக்கிட்ட ஒரு கேஸ சொல்றேன், உன் அண்ணனுக்கு இது பட்டுன்னு புரியும், ஏன்னா இது ஃபேக்டரி கதை.

அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி மேல அஞ்சு கறுப்பினப் பொம்பளைங்க கேஸ் போட்டாங்க. அந்தக் கம்பெனி 1964க்கு முன்னாடி கறுப்பினப் பொம்பளைங்கள வேலைக்கே எடுத்ததில்ல. அப்பறம்தான் எடுத்தாங்க. எழுபதுகள்ல தொழில் படுத்தப்ப சீனியாரிட்டி பாத்து, கடைசியா சேந்தவங்கள முதல்ல வெளிய அனுப்பினாங்க. கடைசியா சேந்தது யாரு, அவங்கதான், உள்ள விட்டதே லேட்டு, வெளிய போனது முதல்ல. 1976ல கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, பொம்பளைங்கன்னு ஒதுக்கினாங்களான்னா இல்ல, வெள்ளைக்காரப் பொம்பளைங்கள 1964க்கு முன்னாடியே எடுத்திருக்காங்க. கறுப்பர்னு ஒதுக்கினாங்கன்னா இனப் பாகுபாடுன்னு தனியா கேஸ் நடத்துங்க. ரெண்டையும் சேத்து ஒரே வழக்கா கேக்க சட்டத்துல இடமில்ல. முடிஞ்சுது. அந்த அஞ்சு பேருக்கும் நடந்தது என்னவோ நடந்துச்சு, ஆனா அதுக்குப் பேரு வைக்க சட்டத்துல கட்டம் இல்ல.

இப்ப உங்க ஸ்டாப்புக்கு வா. டிரைவர் தள்ளி நிப்பாட்டினது நிக்கறது பொம்பளைங்கன்னு பாத்து, தங்கச்சியோட கால பாத்து இல்ல. ஆனா மத்த பொம்பளைங்க ஓடி ஏறிட்டாங்க, நின்னது அவ மட்டும். ஸ்டாப்புல ரெண்டு ஆம்பளைங்க நின்னிருந்தா பஸ் ஒழுங்கா நின்னிருக்கும், அவளும் ஏறியிருப்பா. இதுல பொம்பளைங்கறது எவ்வளவு பங்கு, கால்ங்கறது எவ்வளவு பங்குன்னு தராசுல வச்சுப் பிரிக்க முடியுமா? பிரிக்க முடியாது, அதுதான் விஷயமே.

நம்ம சுப்ரீம் கோர்ட்டும் இதைப் பேசியிருக்கு. 2021 ஏப்ரல்ல பதான் ஜமால் வலி வழக்குன்னு ஒரு தீர்ப்பு, ஆந்திராவுல பிறவியிலேயே கண் தெரியாத ஒரு தலித் பொண்ணுக்கு நடந்த பாலியல் வன்கொடுமை. நீதிபதி சந்திரசூட் எழுதின தீர்ப்பு, சாதி, பால், ஊனம் மூணும் ஒரே ஆள் மேல சேந்து விழும்போது அதைத் தனித்தனியா பிச்சுப் பாக்கக் கூடாதுன்னு நல்லா விளக்கி எழுதியிருக்காரு, கண் தெரியாதவங்க சாட்சி மத்தவங்க சாட்சிக்கு எந்த விதத்துலயும் குறைஞ்சதில்லன்னும் சொல்லியிருக்காரு. ஆனா இவ்வளவு எழுதிட்டு, தலித், பழங்குடி மக்களுக்கான வன்கொடுமை தடுப்புச் சட்டப் பிரிவுல குடுத்த தண்டனைய ரத்து பண்ணிட்டாங்க. ஏன்னா சம்பவம் நடந்தது 2011ல, அப்ப இருந்த சட்டப்படி "சாதிய காரணமா வச்சுத்தான் செஞ்சான்"னு நிரூபிக்கணும், 2016லதான் "அந்த சாதின்னு தெரிஞ்சு செஞ்சாலே போதும்"னு திருத்தம் அமலுக்கு வந்துச்சு. ஐபிசி படி ஆயுள் தண்டனை அப்படியே நின்னுச்சு, அது வேற. ஆனா பாரு, இது சாதியினால, இது கண்ணினாலன்னு கோடு போட்டுக் காட்டுன்னு அந்தப் பொண்ணுகிட்டயே கேட்ட மாதிரிதானே ஆச்சு. நான் இருபது வருஷமா பிராக்டிஸ் பண்றேன், எனக்கு அந்தக் கடைசிப் பக்கங்கள் இன்னும் ஆறல.

ஒரு கணக்கு மட்டும் சொல்லிட்டு முடிக்கிறேன். 2011 சென்சஸ்ல ஊனமுற்றவங்கன்னு பதிவானது 2.68 கோடி பேரு. அதுல ஆம்பளைங்கள்ல எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க 62 சதவீதம், பொம்பளைங்கள்ல 45. ஒரே ஊனம், ஒரே சட்டம், வீட்டுக்குள்ளயே யாரை ஸ்கூலுக்கு தூக்கிட்டுப் போகணும்னு முடிவாயிருது. உங்க அண்ணன் தங்கச்சிய படிக்க வச்சிருக்காரு, அதை நீ அவருகிட்ட வாய்விட்டு சொல்லியிருக்கியா?

அப்பறம், இதைக் கேக்கறதுக்கு மன்னிச்சுக்க, வீடு யாரு பேர்ல இருக்கு? 1989ல தமிழ்நாட்டுல சட்டம் வந்து பொண்ணுங்களுக்கும் பூர்வீக சொத்துல சம பங்கு ஆச்சு, அதுவும் அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு இல்லன்னு வச்சாங்க, 2005ல நாடு முழுக்க வந்துச்சு. சட்டம் வந்து இத்தனை வருஷம் ஆச்சு, என் ஆபீஸுக்கு விடுதலைப் பத்திரம் எழுத வர்ற குடும்பங்கள்ல அக்கா தங்கச்சிங்க கையெழுத்துப் போட்டு அண்ணன் தம்பிக்கு விட்டுக் குடுக்கறதைத்தான் பாக்கறேன். அண்ணன் தங்கச்சிக்கு விடுதலை எழுதிக் குடுத்து நான் ஒரு பத்திரம் கூட டைப் பண்ணினதில்ல. "சலுகை"ன்னு அதுல எங்கயும் இருக்காது, "அன்பின் பேரில்"னுதான் இருக்கும்.

பள்ளிபாளையம் தறிக்காரன் பதில்:

வக்கீலம்மா சொன்னது எல்லாம் சரிங்க, ஆனா அந்த அண்ணன் பக்கமும் யாராச்சும் பேசணும்ல. 19 வயசுல குடும்பத்தைத் தூக்கின ஒரு ஆளப் பாத்து உனக்கு பிரிவிலேஜ்னு சொன்னா அவனுக்கு வயிறு எரியுமா எரியாதா. நானும் பத்தாவதோட தறிக்கு வந்தவன், என் தம்பி தங்கச்சி படிச்சாங்க, நான் படிக்கல, மூத்த பையன்னா சம்பாதிக்கணும்னு ஒரு எழுதாத சட்டம் இருக்குதுங்க, அதுவும் ஆம்பளையா பிறந்ததுனால வந்ததுதான். அழுகக் கூடாது, முடியலன்னு சொல்லக் கூடாது, உடம்பு சரியில்லன்னு ஒரு நாள் படுத்தா மாமனார் வீட்ல பேச்சு. இதையும் அந்தக் கணக்குல எழுதுங்க.

ஆனா தங்கச்சி வேலைய அந்த அண்ணன் பாக்குற விதம் தப்பு, அதை ஒரு ஆம்பளையாவே சொல்றேன். 2024 குரூப் 4 அறிவிச்சப்ப 6,244 இடம், அப்ளை பண்ணினது 20 லட்சத்துக்கு மேல. மாற்றுத்திறனாளி கோட்டா 4 சதவீதம்னா அதுல கிட்டத்தட்ட 250 இடம். அந்த 250ஐயும் புடுங்கி பொதுவுல போட்டா கூட 20 லட்சம் பேர்ல உனக்கு எத்தனை அங்குலம் கிட்ட வந்திருக்கும்? நீ தோத்தது 20 லட்சம் பேருக்கு 6,244 சோத்துத் தட்டு வச்சவங்ககிட்ட, உன் தங்கச்சிகிட்ட இல்ல. ஆனா மனுசனுக்கு கண்ணுக்குத் தெரியறது பக்கத்து இலையில விழுந்த சோறுதான், அங்கதான் கோவம் போகுது. எனக்கும் அப்படி போயிருக்கு, அதான் சொல்றேன்.

அருப்புக்கோட்டை மல்லி:

தறிக்கார அண்ணே, நீங்க எழுதினதை அண்ணனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன், ப்ளூ டிக் வந்துருச்சு. வக்கீல் அக்கா, வீடு அப்பா பேர்ல இருக்கு, பேச்சு இன்னும் எடுக்கல. படிக்க வச்சதுக்கு நான் வாய்விட்டு சொன்னதில்ல, நீங்க கேட்டதும் சுருக்குனு இருந்துச்சு.

செம்பவாங்காரன் பதில்:

நான் சிங்கப்பூர்ல பதினோரு வருஷமா இருக்கேன், சொந்த ஊரு புதுக்கோட்டை பக்கம். இந்தப் பேச்சுல இனம்னு ஒண்ண யாரும் எடுக்கல அதனால எழுதுறேன்.

இங்க முதல் முதல்ல ரூம் தேடினப்ப ஆன்லைன்ல விளம்பரம் பாப்பேன், வாடகை, எம்ஆர்டி (இங்க ஓடுற மெட்ரோ ரயில்) எவ்வளவு தூரம் எல்லாம் போட்டுட்டு கடைசி வரியில "நோ இந்தியன்ஸ்"னு இருக்கும், சிலதுல "நோ குக்கிங்"னு நாசூக்கா இருக்கும், சிலதுல எதுவும் இருக்காது, போன் பண்ணி பேரு சொன்னதும் ரூம் போயிருச்சும்பாங்க. இத்தனைக்கும் இந்த நாட்ல தமிழ் ஆட்சி மொழி, ரயில்ல அறிவிப்பு தமிழ்ல வரும், ஹெச்டிபி, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு விக்கிறதுல எல்லா இனமும் கலந்து இருக்கணும்னு 1989லயே பிளாக்குக்கு இத்தனை சதவீதம்னு ரூல் போட்டவங்க. ரூல் ஒரு பக்கம், போன் எடுக்கற வீட்டுக்காரர் ஒரு பக்கம். வேலை விஷயத்துல இப்ப 2025 ஜனவரியில ஒரு சட்டம் பார்லிமென்ட்ல பாஸ் ஆச்சு, இனம், மதம், மொழி, ஆண் பெண், கர்ப்பம், ஊனம், மனநலம், குழந்தைங்களையோ அப்பா அம்மாவையோ பாத்துக்கற பொறுப்பு, இதையெல்லாம் வச்சு முதலாளி பாகுபாடு பாக்கக் கூடாதுன்னு, ஆனா 25 பேருக்குக் குறைவா வேலை பாக்குற கம்பெனிக்கு இப்போதைக்கு அது கிடையாது.

அந்த விளம்பரத்தைப் பாத்த அன்னைக்கு நான் எவ்வளவு அவமானப்பட்டேன்னு எழுத முடியாது. நான் டிப்ளமோ, கையில வேலை இருக்கு, சம்பளம் இருக்கு, எதுக்கு என்னை வேணாங்கறான்னு ராத்திரி பூரா முழிச்சிருந்தேன். காலையில அப்பாவுக்கு போன் போட்டு கத்தினேன். அப்பா பாவம் ஆறுதல் சொல்லிட்டு, பேச்சோட பேச்சா "மாடி போர்ஷன் ரெண்டு மாசமா காலியா கெடக்குடா, நேத்து ஒரு வாத்தியார் வந்தாரு, நல்ல மனுசன்தான், ஆனா நம்ம ஆளுங்க இல்ல, காலனிப் பக்கம், அதான் ஆள் வந்துருச்சுன்னு சொல்லி அனுப்பிட்டேன்"னாரு.

நான் போனைக் காதுல வச்சபடியே நின்னேன். அந்த மாடி போர்ஷன் கட்ட காசு அனுப்பினது நான். என்கிட்ட "ரூம் போயிருச்சு"ன்னு சொன்ன அதே வார்த்தை, எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து எங்க அப்பா ஒரு வாத்தியார்கிட்ட சொல்லியிருக்காரு. அந்த வாத்தியாரும் அன்னைக்கு ராத்திரி தூங்கியிருக்க மாட்டாரு.

ஊர்ல நான் பெரிய வீட்டுப் பையன், டீக்கடையில எனக்கு பெஞ்ச் ஒதுக்குவாங்க, இங்க வந்தா லாரிக்குப் பின்னாடி உக்காந்து போற கூட்டத்தோட கூட்டமா என்னையும் பாப்பாங்க. ஏரோப்ளேன்ல நாலு மணி நேரம், அவ்வளவுதான் தூரம். மல்லி, உங்க அண்ணனும் ஒரு இடத்துல மேல, ஒரு இடத்துல கீழ, அவ்வளவுதான். கீழ இருக்கற இடம் வலிக்கும், அதனால தெரியும். மேல இருக்கற இடம் வலிக்காது. அப்பாகிட்ட அந்த சண்டை மூணு வருஷம் நடந்துச்சு, இப்ப அந்த மாடியில யாரு இருக்காங்கன்னா ஒரு நர்ஸ் குடும்பம், என்ன ஆளுங்கன்னு அப்பா கேக்கக் கூடாதுன்னு நானே லீவுல போனப்ப அட்வான்ஸ் வாங்கிட்டு வந்தேன்.

உறையூர் அம்மா பதில்:

நான் அதிகம் எழுத மாட்டேன், பையன் தூங்கற நேரம். அவனுக்கு 14 வயசு, ஆட்டிசம். 1995 சட்டத்துல ஆட்டிசம் லிஸ்ட்லயே கிடையாது, 2016 சட்டத்துலதான் 21 வகைன்னு ஆக்கினப்ப வந்துச்சு. அதுக்கு முன்னாடி நான் சர்டிபிகேட்டுக்கு அலைஞ்சப்ப இவனை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னே அவங்களுக்குத் தெரியல.

சொல்ல வந்தது ஒண்ணுதான். அவனுக்கு மூணு வயசுல தெரிஞ்சுது, நான் ஸ்கூல் டீச்சர் வேலைய விட்டேன், அவர் விடல. வீட்ல உக்காந்து பேசி முடிவு பண்ணினோமான்னா அதுவும் இல்ல, யாரும் பேசவே இல்ல, நான் விட்டுட்டேன். அதுக்கப்பறம் அவருக்கு ரெண்டு பிரமோஷன். போன வாரம் சொந்தக்காரங்க கல்யாணத்துல "உங்க வீட்டுக்காரர் தங்கமானவரு, இப்படி ஒரு பிள்ளைய வச்சுக்கிட்டும் உங்களை நல்லா வச்சிருக்காரு"ன்னு ஒரு அம்மா சொன்னாங்க. பந்தியில உக்காந்திருந்தேன். பையன் சத்தத்துக்கு காதைப் பொத்திக்கிட்டு என் மடியில தலை வச்சிருந்தான், நான் இடது கையால அவன் முதுகைத் தட்டிக்கிட்டே வலது கையால சாப்பிட்டேன். அவர் நாலு இலை தள்ளி உக்காந்து ரெண்டு கையும் காலியா பேசிட்டு இருந்தாரு. அவர் நல்லவர்தாங்க. நான் குறை சொல்லல. அந்த ரெண்டு காலிக் கையத்தான் நான் அன்னைக்குப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

வேளச்சேரி சக்கரம்:

அம்மா, நீங்க எழுதினதை என் மனைவிகிட்ட படிச்சுக் காமிச்சேன். அவ ஒண்ணும் சொல்லல, போனை வாங்கி இன்னொரு தடவை தானே படிச்சா.

அருப்புக்கோட்டை மல்லி:

எல்லாருக்கும் நன்றி. மூணு வாரம் கழிச்சு இப்பதான் இங்க வர்றேன், நடந்ததை அப்படியே சொல்லிடறேன்.

அண்ணன் நீங்க எழுதினதை எல்லாம் படிச்சிருக்கு, ஆனா அதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அடுத்து வந்த திங்கக்கிழமை மட்டும் "ஆட்டோவுக்கு எதுக்கு காசு, நான் பட்டறைக்குப் போற வழிதானே"ன்னு தங்கச்சிய வண்டியில கூட்டிட்டுப் போச்சு. வழி இல்ல, சுத்துதான், அதை நாங்க யாரும் சொல்லல.

மூணாவது நாள் சாயங்காலம் கூப்பிடப் போனப்ப அவ வெளிய வர லேட் ஆயிருக்கு, உள்ள போய் பாத்திருக்கு. ஆபீஸ்ல லேடீஸ் பாத்ரூம் பின்னாடி கட்டடத்துல, மூணு படி இறங்கணும், கைப்பிடி கிடையாது, உள்ள இந்தியன் டாய்லெட். அவளால காலிப்பரோட குத்த வச்சு உக்கார முடியாது. ஜென்ட்ஸ் பக்கம் ஒரு வெஸ்டர்ன் இருக்கு, அதிகாரிக்குன்னு பூட்டி வச்சிருக்காங்க. அண்ணன் வண்டியில வர்றப்ப "அப்ப நீ என்ன பண்ணுவ"ன்னு கேட்டிருக்கு. காலையில எட்டு மணிக்கு மேல தண்ணி குடிக்க மாட்டேன்னே, வீட்டுக்கு வந்துதான்னு சொல்லியிருக்கா. மாசத்துல அந்த நாலு நாள் லீவு போட்டுருவேன், அதனாலதான் கூட இருக்கறவங்க கோட்டாவுல வந்தவ எப்பப் பாத்தாலும் லீவுன்னு பேசறாங்கன்னும் சொல்லியிருக்கா. ஒரே ரூம்ல அவ பக்கத்துல படுக்கற எனக்கே இது தெரியாது. அவ வீட்டுக்கு வந்ததும் சொம்புத் தண்ணிய ஒரே மடக்குல குடிக்கறதை நான் தினம் பாக்கறேன், வெயில்ல வந்த அசதின்னு நினைச்சிருந்தேன்.

அன்னைக்கு ராத்திரி அண்ணன் சாப்பிடவே இல்ல. மறுநாள் டேப்பை எடுத்துட்டுப் போயி அந்த மூணு படியையும் அளந்துட்டு வந்துச்சு. ஒண்ணரை இஞ்ச் ஜிஐ பைப்புல கைப்பிடி, சுவத்துல புடிச்சு எந்திரிக்க ஒரு கம்பி, டாய்லெட்டுக்கு மேல தூக்கி வைக்கற மாதிரி ஓட்டை போட்ட ஒரு ஸ்டூல், மூணையும் பட்டறையில அதுவே பத்த வச்சு, புடிக்கற இடத்துல கை கிழிக்காம இருக்க கிரைண்டர் போட்டு வழவழன்னு ஆக்கிருச்சு. ஆபீஸ்ல கொண்டு போய் மாட்டிடறேன், காசு வேணாம்னு கேட்டதுக்கு, அரசு கட்டடத்துல வெளியாள் வேலை செய்ய முடியாது, எழுத்து மூலமா மனு குடுங்க, மேல அனுப்பறோம்னு சொல்லிட்டாங்க. மனு வக்கீல் அக்காதான் எழுதிக் குடுத்தாங்க, 2016 சட்டத்துல இருந்து பிரிவு எல்லாம் போட்டு. குடுத்து ஒரு வாரம் ஆச்சு, இன்னும் பதில் வரல.

கோட்டாவப் பத்தி அண்ணன் மனசு மாறிருச்சான்னு கேட்டீங்கன்னா, எனக்குத் தெரியல. நேத்து கூட டிவியில குரூப் 4 செய்தி வந்தப்ப சேனலை மாத்திருச்சு. ஸ்டூலை மட்டும் வீட்டு பாத்ரூம்ல கொண்டாந்து வச்சிருக்கு. கைப்பிடி பட்டறையிலதான் கெடக்கு, வெள்ளிக்கிழமை அதுக்கு பச்சை பெயிண்ட் அடிச்சுச்சாம், அவளுக்குப் பிடிச்ச கலரு.